பிள்ளைகளே தரை துடைத்த பள்ளிக்கூடம்

1. முதல் நாள், வாசலில்

அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் என்னை உள்ளே விடவில்லை. செக்யூரிட்டி விட்டார், ரிசப்ஷனில் இருந்த பெண் விட்டார், கழுத்தில் பேட்ஜ்கூடத் தொங்கியது. தடுத்தது எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று. வராந்தா தொடங்கும் இடத்தில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றது.

"ஷூஸ்," என்றது.

குனிந்து என் சேஃப்டி ஷூவைப் பார்த்தேன். காலையில் பாலிஷ் போட்டது, பளபளவென்றுதான் இருந்தது. "க்ளீன், க்ளீன்," என்றேன்.

"அவுட்சைட் ஷூஸ்," என்று சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த மரத் தட்டுகளைக் காட்டியது. அங்கே வரிசையாக வெள்ளைக் கான்வாஸ் ஷூக்கள். உள்ளே போகிறவர் எல்லாரும் வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு என்று ஒன்றும் இல்லை. கடைசியில் சாக்ஸோடு நடந்துதான் என் முதல் டூட்டியைத் தொடங்கினேன். என் கீழே வேலை செய்யும் ஏழு பேரும் வராந்தா முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அந்தக் குழந்தையின் பெயர் நவோமி. அப்பா ஜப்பான்காரர், அம்மா ஆஸ்திரேலியாக்காரர். இங்கே பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயர் வைத்திருப்பார்கள். நவோமி, கென், எமி என்று, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிக்கும் வாயில் நுழைகிற பெயர்.

துபாயில் எங்கள் தொழிலை இரண்டாகப் பிரிப்பார்கள். ஏசி, பிளம்பிங், கரண்ட் எல்லாம் ஹார்ட் சர்வீஸ். கூட்டுவது, துடைப்பது, கழுவுவது சாஃப்ட் சர்வீஸ். பெயர்தான் சாஃப்ட், இடுப்பு ஒடிந்துவிடும். மால், ஆஸ்பத்திரி, லேபர் கேம்ப் என்று எல்லா இடத்திலும் சாஃப்ட் சர்வீஸ் பார்த்துவிட்டுத்தான் நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த சைட்ண்ணே ரொம்பக் கஷ்டம்?" என்று. ஆஸ்பத்திரி என்று சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். நான் இந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் சொல்வேன். ஏன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. ஒரே பிள்ளை, இரண்டு பிள்ளை

காலையில் முழுக்க இங்கிலீஷ். மதியச் சாப்பாட்டிலிருந்து முழுக்க ஜப்பான் மொழி. வகுப்புக்கு இரண்டு டீச்சர். மதியம் ஜப்பான் டீச்சர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று தலை குனிந்து ஒரு வணக்கம் சொல்வார்கள். அந்த நொடியோடு பிள்ளையே மாறிவிடும்.

காலையில் ஒரு பென்சில் சீவினால் சீவல் தரையில் கிடக்கும். மேஜைக்கு அடியில் டிஷ்யூ பேப்பர், நாற்காலிக்குக் கீழே திராட்சை. என் ஆட்கள் போய்ப் பொறுக்குவார்கள். அதே பிள்ளைகள் மதியத்துக்கு மேல் சீவலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் போடும். எனக்கு முதலில் இது நடிப்பு என்றே தோன்றியது. பிறகு புரிந்தது. நாமும் ஊர் போனில் ஒரு மாதிரி, மேனேஜர் போனில் ஒரு மாதிரிதானே பேசுகிறோம்?

இன்னொன்றும் கவனித்தேன். சண்டை முற்றினால் பிள்ளைகள் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். மன்னிப்புக் கேட்பது என்றால் ஜப்பான் மொழிதான்.

மூன்றாம் வகுப்பின் ஜப்பான் டீச்சர் பெயர் மொரிதா. சென்செய் என்றால் ஆசிரியர் என்று அர்த்தம், எல்லாரும் மொரிதா சென்செய் என்றே கூப்பிடுவோம். ஒல்லியான அம்மா. குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. இங்கிலீஷ் கொஞ்சம்தான். எனக்கும் கொஞ்சம்தான் என்பதால் எங்களுக்குள் பேச்சு நன்றாகவே நடந்தது.

3. மதியம் ஒலிக்கும் பாட்டு

சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் உள்விளையாட்டு அரங்கில் கொஞ்ச நேரம் ஓடி ஆடிவிட்டு வருவார்கள். வெளியே அந்த நேரம் வெயில் ஆளைக் கொன்றுவிடும். திரும்பி வந்ததும் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு வரும். பாட்டு தொடங்கினால் சுத்தம் செய்யும் நேரம்.

நான் கண்ணால் பார்க்கிறவரை நம்பவில்லை. பிள்ளைகள் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய டவலை நனைத்துப் பிழிந்து, தரையில் விரித்து, இரண்டு கைகளையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி ஓடுகிறார்கள். வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ரேஸ் மாதிரி. சிலர் கண்ணாடி துடைக்கிறார்கள். இரண்டு பேர் கரும்பலகை அழிக்கும் கட்டையைத் தட்டுகிறார்கள். பெரிய பெரிய கம்பெனி அதிகாரிகளின் பிள்ளைகள், உள்ளூர் அரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும்தான்.

ஒரு பிள்ளை எங்கள் டிராலியிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து மேஜையைத் துடைத்ததைப் பார்த்து எனக்கு மூச்சு நின்றது. எங்கள் தொழிலில் சிவப்புத் துணி டாய்லெட்டுக்கு மட்டும். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அன்றிலிருந்து அந்த நேரத்தில் டிராலியைப் பூட்டி வைத்தோம்.

பூட்டி வைத்துவிட்டு என் ஏழு பேரும் சுவரோரம் சும்மா நின்றார்கள். அங்கேதான் வினை தொடங்கியது. கிளீனிங் வேலையில் இருப்பவன் சும்மா நிற்கக் கூடாது. கையில் துணி இல்லாவிட்டால் அவன் தேவையில்லாதவன் என்று மேலே இருப்பவன் நினைப்பான். இது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறியது.

மணி என்று ஒருவன் இருந்தான். பட்டுக்கோட்டைப் பக்கம். ஏழு பேரில் சின்னவன், வேகமானவன், வாய்க்காரன். அவன்தான் முதலில் கேட்டான்.

"அண்ணே, இதுங்களே இப்புடித் தொடச்சுப்புட்டா நம்ம எதுக்குண்ணே?"

"படிக்கிறதுக்காகப் பண்றாங்கடா. நீ உன் வேலையப் பாரு."

"என் வேலையத்தாண்ணே அதுங்க பாக்குதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஆறுமுகண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அறந்தாங்கிக்காரர், ஏழு பேரில் மூத்தவர். என்னைவிடவும் வயதில் பெரியவர் என்பதால் நான் அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். "தம்பி, இது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியலயே," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து என் ஆட்கள் யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்தார்கள். பிள்ளைகள் விளையாடப் போன நேரத்தில் வகுப்பையும் வராந்தாவையும் துடைத்துப் பளிங்காக்கிவிடுவார்கள். பாட்டு ஒலிக்கும்போது துடைக்க ஒன்றுமே இருக்காது. பிள்ளைகள் சுத்தமான தரையைத் திரும்பத் துடைத்தார்கள். அவர்களோடு போட்டி போட்டு ஜெயித்த சந்தோஷம் மணிக்கு.

மொரிதா சென்செய் என்னைத் தேடி வந்தார். முதலில் தலை குனிந்து நன்றி சொன்னார். தரை மிகவும் அழகாக இருக்கிறது என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "தயவுசெய்து கொஞ்சம் அழுக்கு விட்டு வையுங்கள்," என்றார். என் சர்வீஸில் அப்படி ஒரு கம்ப்ளெயின்ட் நான் வாங்கியதே இல்லை.

4. இரண்டு பெயர்

எங்கள் கம்பெனியின் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வினோத் சார். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். கான்ட்ராக்ட் ரினிவல் நெருங்கிய சமயம் ஒரு மதியம் வந்தார். சரியாகப் பாட்டு ஒலிக்கும் நேரம். வராந்தாவில் பிள்ளைகள் ஓடி ஓடித் துடைப்பதையும் என் ஆட்கள் சுவரில் சாய்ந்து நிற்பதையும் பார்த்தார். போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டார். பார்க்கிங்கில் கார் அருகே என்னைக் கூப்பிட்டார்.

"செல்வா, பசங்களே க்ளீன் பண்றாங்களே. அப்புறம் நமக்கு ஏழு பேர் எதுக்கு?"

"சார், அது ஒரு இருபது நிமிஷம். டாய்லெட், கேன்டீன், ஜிம், பஸ் ஏரியா எல்லாம் நம்மதான் சார்."

"எனக்குத் தெரியாதா? க்ளையன்ட் கேக்குறாங்க. மேன்பவர் கொறைங்கன்னு கேக்குறாங்க. அடுத்த வியாழக்கிழமை நானும் ஹெலன் மேடமும் ஒரு ரவுண்ட் வருவோம். அதுக்குள்ள ரெண்டு பேரு குடு."

ஹெலன் மேடம் பள்ளிக்கூடத்தின் நிர்வாகத் தலைவர். இங்கிலாந்துக்காரர்.

"யார சார் குடுக்கறது?"

"அது உன் வேலை."

கார் போய்விட்டது. நான் வெயிலில் நின்றேன். இரண்டு பேர் என்றால் விசா கேன்சல், டிக்கெட், ஊர். அவ்வளவுதான். இருக்கிற ஏழு பேரில் நேபாளிகள் இருவர், தெலுங்குக்காரர் இருவர், ஒரு பங்களாதேஷ்காரர், ஆறுமுகண்ணன், மணி. யாரை எடுப்பது? ஏழு பேருக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது.

எனக்கு இயல்பாகவே ஓரிடத்தில் நிற்க வராது. போனில் பேசினால்கூட நடந்துகொண்டேதான் பேசுவேன். "உக்காந்து பேசுங்களேன், மூச்சு வாங்குது எனக்கு," என்பாள் என் மனைவி. அந்த வாரம் நான் நடந்த நடைக்கு ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். வராந்தாவில் நடந்தேன், பார்க்கிங்கில் நடந்தேன், கராமாவில் என் ரூமுக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்கும் நடுவே காரணமே இல்லாமல் நடந்தேன். சாப்பாடு உள்ளே போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, ஏழு பேரும் என் முகத்தைப் படித்துவிட்டார்கள். "கட்டிங் வருது" என்ற ஆட்குறைப்புச் செய்தி கேம்ப்புக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதுகூட நின்றுபோனது. நன்றாக வேலை செய்கிறவன் தப்பிப்பான் என்று ஆளாளுக்கு ஓடினார்கள். ஒரே கண்ணாடியை மூன்று பேர் துடைத்தார்கள்.

5. மண்

திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பு வராந்தா முழுக்க மண். செவ்வாய்க்கிழமையும் மண். வளைகுடாவில் மண் புதிதில்லை. காற்று அடித்தால் கதவிடுக்கு வழியாகவே வந்துவிடும். ஆனால் இது கதவருகே இல்லாமல் நடுவராந்தாவில் கிடந்தது. பிள்ளைகள் ஈரத் துணியைப் போட்டுத் தேய்த்ததும் சேறாகிவிட்டது. வினைல் தரையில் மண்ணைப் போட்டு ஈரத்தோடு தேய்ப்பதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் இல்லை. பாலிஷ் மொத்தமும் கீறிவிடும். ஸ்கிரப்பர் மெஷினை எடுத்து வந்து மணிதான் சரிசெய்தான். உற்சாகமாகச் செய்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மொரிதா சென்செய் மறுபடி வந்தார். இந்த முறை தலை இன்னும் கீழே குனிந்தது.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் போகும் முன் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து இன்று எது நன்றாக நடந்தது, எது சரியில்லை, நாளை என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். யாரும் யாரையும் கை காட்டக் கூடாது. அவரவர் தம்முடையதைச் சொல்ல வேண்டும். அன்று மண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததும் நவோமி எழுந்து, தன் ஷூவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், காலையில் வெளியிலிருந்து வந்தபோது சரியாகத் தட்டவில்லை என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அடுத்து கென் எழுந்து, இல்லை என்னுடையது என்றானாம். அப்படியே வகுப்பு முழுக்க. கடைசியில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். இனி விளையாடப் போவதில்லை. அந்த நேரத்திலும் ஷூவையும் வராந்தாவையும் துடைப்பது.

"உங்கள் ஆட்களுக்குக் கூடுதல் வேலை வைத்துவிட்டோம். மன்னிக்கவும்," என்றார் சென்செய்.

மணி காட்டிய உற்சாகம் உறுத்த, அவர் போனதும் நான் நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மணியின் மாப் பக்கெட்டைக் கவிழ்த்தேன். அடியில் விளையாட்டுத் திடலின் வெள்ளை மணல்.

"ஏண்டா?"

அவன் மறைக்கவில்லை. "அழுக்கு இருந்தாத்தானண்ணே ஆளு வேணும்பாங்க. வியாழக்கெழம வரைக்கும் போட்டா போதும்னு நெனச்சேன். நம்ம ஏழு பேருக்காகத்தாண்ணே."

அவனை அறைந்துவிடலாம் போல இருந்தது. கூடவே இன்னொரு எண்ணமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெயரில் ஒரு பெயர் தானாக வந்து என் கையில் விழுந்திருக்கிறது. யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். நியாயமும் என் பக்கம். ஆனாலும் நாக்கில் அந்தப் பெயர் வரவில்லை. எல்லாரும் மனசுக்குள் நினைத்ததைத்தான் அவன் பக்கெட்டில் அள்ளி வந்து செய்திருந்தான். "வாயை மூடிக்கிட்டு இரு. இனிமே மண்ணத் தொட்டே, நானே டிக்கெட் எடுத்துருவேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மறுபடி நடக்க ஆரம்பித்தேன்.

6. மணி வாசலில் நின்றான்

புதன்கிழமை மதியம் விளையாட்டு அரங்கிலிருந்து மற்ற வகுப்புகளின் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் வராந்தாவில் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மண்ணே இல்லை. இல்லாத மண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி ஷூவைத் திருப்பி வைத்துக்கொண்டு அடிப்பக்கத்துக் கோடுகளை விரலால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

மணி தூரத்தில் நின்று பார்த்தான். என்னிடம் வந்தான். "அதுங்க வெளயாடப் போகலண்ணே," என்றான்.

"நாளைக்குப் போகும். நீ போ."

"நான் போய்ச் சொல்லிப்புடுறேண்ணே."

"சொன்னா உன்ன நாளைக்கே கேன்சல் பண்ணிருவாங்கடா, முட்டாள்."

கிளீனிங் ஆட்கள் பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்குள் நுழையக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான சட்டம். டீச்சர் கூப்பிட்டால்தான் வாசலைத் தாண்டலாம். அன்று பள்ளி விடும் நேரத்தில், நான் ஒரு போன் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் மணி மூன்றாம் வகுப்பு வாசலில் நின்று "சென்செய்," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உள்ளே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓடினேன். அதற்குள் அவர் அவனை உள்ளே வரச் சொல்லிவிட்டார்.

மணி வட்டத்துக்கு வெளியே நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். "சாண்ட், நோ யுவர் ஷூ," என்றான். "மை பக்கெட். மீ. சாரி."

பிள்ளைகள் புரியாமல் பார்த்தார்கள். நவோமிதான் கேட்டது, "ஒய்?"

மணி என்னைப் பார்த்தான். பிறகு அவனே சொன்னான். "யூ க்ளீன், எவ்ரிதிங் க்ளீன். தென் மணி நோ ஜாப். மணி கோ இந்தியா."

நவோமி அதை ஜப்பான் மொழியில் சென்செய்க்குச் சொன்னது. சொல்லும்போதே அதன் குரல் இறங்கிப்போனது. சென்செய் எழுந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மணியிடம் குனிந்து, "நாங்கள் யோசிக்கவில்லை," என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி ஏதோ கேட்டார். என்ன செய்யலாம் என்று கேட்டாராம்.

பேச்சு ஜப்பான் மொழியில் தொடங்கி, சூடேறி, இங்கிலீஷுக்குத் தாவியது. அதனால் எனக்கும் புரிந்தது. துடைப்பதையே நிறுத்திவிடலாம் என்றது ஒன்று. நாமே நிறைய அழுக்குப் பண்ணலாம் என்றான் கென். அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது, சென்செய்தான் தலையை ஆட்டிவிட்டார். கடைசியில் நவோமி சொன்னதுதான் முடிவானது. வகுப்பு எங்களுடையது, நாங்கள் துடைப்போம். வராந்தா மணிசானுடையது, அதை நாங்கள் தொட மாட்டோம். பெயரோடு 'சான்' சேர்ப்பது ஜப்பானில் மரியாதை. மணியைத் துபாயில் அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. உடனே வாசற்படியில் குறுக்கே ஒரு டேப்பை ஒட்டிவிட்டார்கள்.

7. வியாழக்கிழமை

நான் எந்தப் பெயரையும் எழுதவில்லை. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. பாட்டு ஒலிக்கும் நேரத்தில் ஹெலன் மேடமும் வினோத் சாரும் வந்தார்கள். நான் பின்னாலேயே போனேன்.

மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் டவலை ஊன்றிக்கொண்டு வேகமாக ஓடி வந்து டேப் வந்ததும் சட்டென்று நின்று திரும்பினார்கள். டேப்புக்கு இந்தப் பக்கம் வராந்தாவில் சீவலும் தூசியும் அப்படியே கிடந்தன. டஸ்ட் மாப்போடு மணி காத்திருந்தான்.

ஹெலன் மேடம் குனிந்து, ஏன் இதோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நவோமியைக் கேட்டார்.

நவோமி ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இந்தப் பக்கம் மணிசானுடைய வேலை, நாங்களே எல்லாவற்றையும் துடைத்தால் அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தப் பயத்தில்தான் அவர் மண் கொண்டுவந்து போட்டார், பிறகு சாரி சொல்லிவிட்டார், நாங்களும் சொல்லிவிட்டோம், அது முடிந்துவிட்டது என்று. நல்ல தெளிவான இங்கிலீஷ். மணியின் முகத்தில் ரத்தமே இல்லை.

ஹெலன் மேடத்தின் காது சிவந்துவிட்டது. நிமிர்ந்து வினோத் சாரைப் பார்த்தார். "ஆளைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டது?" என்றார்.

வினோத் சார் ஏதோ முணுமுணுத்தார். செலவு, சேமிப்பு, ஆப்ஷன் என்று சில வார்த்தைகள் கேட்டன.

"நான் கேட்கவில்லையே," என்றார் ஹெலன் மேடம். "இது பாடம். இதற்காக ஓர் ஆளையும் குறைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை."

அப்படியென்றால் க்ளையன்ட் கேட்கவே இல்லை. கம்பெனி தானாகவே போட்ட கணக்கு. ஒரு வாரமாக நான் நடந்த நடை, சாப்பிடாத சாப்பாடு, ஏழு பேரின் தூக்கம், பிள்ளைகளின் விளையாட்டு நேரம், எல்லாம் கேட்கப்படாத ஒரு கேள்விக்காக. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஹெலன் மேடத்துக்கு நான் தினமும் காலையில் குட்மார்னிங் சொல்கிறவன். ஒரு நாள் நின்று கேட்டிருந்தால் போதும்.

ஏழு இடமும் தப்பியது. மணி தப்பவில்லை. சைட்டில் மண் போட்டவனை அங்கேயே வைத்திருக்க முடியாது என்றார் வினோத் சார். அதில் தப்பும் சொல்ல முடியாது. கேன்சல் என்றுதான் முதலில் நின்றார். நான் அவர் ஆபீஸ் வாசலில் நடையாய் நடந்தேன். மொரிதா சென்செய் யாரும் கேட்காமலே கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டிருந்தார். கடைசியில் அபுதாபி தாண்டி ருவைஸில் ஒரு பிளான்ட் கேம்ப்புக்கு மாற்றினார்கள். எண்ணெய், புகை, ஆம்பளைக் கூட்டம். பிள்ளைச் சத்தமே கிடையாது.

"மணிசான் எங்கே?" என்று நவோமி கேட்டபோது வேறு இடத்தில் வேலை என்றேன். "நாங்கள்தான் வராந்தாவை விட்டுக்கொடுத்தோமே?" என்றது.

ஒரு வாரம் கழித்து மணி போன் செய்தான். "அதுங்க இப்ப வெளயாடப் போகுதாண்ணே?" என்று கேட்டான். போகுது என்றேன். "அது போதும்," என்று வைத்துவிட்டான்.

8. கேம்ப் வேன்

அதன்பிறகு எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் உட்கார்ந்து உள்ளதைச் சொல்ல ஒரு நேரம் இருக்கிறது. வளர்ந்த ஆம்பளைகள் எங்களுக்கு இல்லை. பயம் என்று வாய்விட்டுச் சொல்ல இடம் இல்லாததால்தான் ஒருவன் பக்கெட்டில் மண் அள்ளினான்.

ஒரு சாயங்காலம் கேம்ப் வேன் கிளம்பும் முன் நானும் ஏறி உட்கார்ந்தேன். "இனிமே டெய்லி பத்து நிமிஷம். இன்னைக்கு என்ன சரியில்லன்னு அவங்கவங்க சொல்லணும். என்ன சொன்னாலும் நான் மேல எடுத்துட்டுப் போக மாட்டேன்," என்று தமிழிலும் இந்தியிலும் சொன்னேன். டிரைவர் சிரித்தான். நேபாளிப் பையன் ஒருவன் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றான். மூன்று நாள் அப்படித்தான் போனது. நானும் நெளிந்தேன், இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது.

நான்காம் நாள் ஆறுமுகண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"தம்பி, எனக்குக் கண்ணு செரியாத் தெரியல. ஆறேழு மாசமாச்சு. மாடிப்படிய காலால தொழாவித்தான் எறங்குறேன்."

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா அந்த ரெண்டு பேருல நான் ஒருத்தன்னு இருந்துச்சு."

மாடிப்படியைக் கழுவும் டூட்டி அவருடையது. ஒரு நாள் உருண்டிருந்தால் வேலை மட்டுமா போயிருக்கும்?

அடுத்த லீவில் கராமாவில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன். கண்ணாடி போட்டதும் சரியாகிற பார்வைதான், வேறு கோளாறு இல்லை என்றார்கள். இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். வேலை போய்விடுமோ என்று பயம் வந்தால் அதை அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டியவரிடம் நேராகப் போய்க் கேளுங்கள். சூப்பர்வைசர் ஆனால், அவர்கள் சொல்வதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாப் பிடிப்பதை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம், இதற்கு எனக்குப் பாதி சர்வீஸ் ஆனது.

புதுக் கண்ணாடியோடு ஆறுமுகண்ணன் மறுநாள் மாடிப்படியின் உச்சியில் நின்றார். கீழே வரைக்கும் ஒவ்வொரு படியாகப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதையா இத்தன நாளும் சுத்தமா இருக்குன்னு என்னைப் பாராட்டுனீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் பக்கெட்டை எடுத்துக்கொண்டு முதல் படியிலிருந்து தொடங்கினார்.